வெல்லம் கட்டிலில் ஏறாத ஞாயிற்றுக்கிழமை

2023 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் நாய் வெல்லம் வழக்கமாக ஆறு மணிக்கு என் கட்டிலில் தாவி ஏறி, போர்வைக்குள் மூக்கை நுழைத்து என்னை எழுப்பிவிடுவாள். அன்றைக்குக் கட்டிலருகே வந்து நின்றாள், மேலே பார்த்தாள், அப்படியே தரையில் படுத்துக்கொண்டாள். அஞ்சு வருஷமாகக் 'கட்டில்ல ஏறாதே' என்று கத்தியது ஒரு வழியாக மண்டையில் ஏறிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வெல்லம் டாஷண்ட் ஜாதி, குட்டைக் கால், நீள உடம்பு. பாகு வெல்லத்தின் நிறம், அதனால் அந்தப் பெயர். எங்கள் பெரம்பூர்த் தெருப் பிள்ளைகளுக்கு அவள் புடலங்காய். வீட்டில் நானும் அம்மாவும்தான். நான் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அன்று மாலை வெல்லம் சாப்பாட்டைத் தொடவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு நின்றாள், உடம்பு லேசாக நடுங்கியது, தூக்கப் போனால் 'வீல்' என்று கத்தினாள். வயிறு கல் மாதிரி இறுகியிருந்தது. "வாயுடி, ஓமத் தண்ணி குடு" என்றார் அம்மா. கொடுத்தோம். முதுகு வலிக்கும் நாய் வயிற்றைத்தான் இறுக்கிக்கொள்ளும் என்பது அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. குட்டைக்கால் நாய் வைத்திருப்பவர்கள், டாஷண்ட் மட்டுமில்லை, பீகிள், ஷிட்ஸூ, பிரெஞ்சு புல்டாக், காக்கர் ஸ்பானியல், பெக்கினீஸ் வைத்திருப்பவர்களும்தான், இதை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: ஏறிக்கொண்டிருந்த இடத்தில் ஏறாமல் நின்றால், குனிந்து தட்டில் வாய் வைக்கத் தயங்கினால், தூக்கும்போது கத்தினால், வயிற்றுக்கு முன்னால் முதுகைச் சந்தேகப்படுங்கள்.

திங்கட்கிழமை ஒரு கிளினிக்குக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். 'எலும்பு நல்லா இருக்கு, சுளுக்குதான்' என்று வலிக்கு ஒரு ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து, 2,800 ரூபாய் வாங்கினார்கள். எக்ஸ்ரே நார்மல் என்றதும் எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பு. வெல்லத்துக்கு வந்திருந்தது டிஸ்க் நோய், அதில் கெட்டுப்போவது எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க். அது பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்குவதைப் பார்க்க எம்ஆர்ஐ வேண்டும், அல்லது சிடி. அதனால் எக்ஸ்ரே நார்மலாக வந்தால் எலும்பு முறியவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதுகே நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அன்று சாயந்திரம் அவளைப் படியில் நடத்தியே கூட்டிப்போனேன். எங்கள் வீடு முதல் மாடி.

செவ்வாய்க்கிழமை காலையில் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. குடித்துவிட்டு வருகிறவர் மாதிரி நடை. பாதம் மடங்கி, மேல்பக்கம் தரையில் தேய்ந்தது. பள்ளியில் பரீட்சை, லீவு போட முடியவில்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, முன்னங்கால்களால் ஊர்ந்து, பின்பகுதியை ஈரத் துணி மாதிரி இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அப்போதும் வரவேற்க வந்தாள், அதுதான் தாங்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு, திறந்திருந்த வேறொரு கிளினிக்குக்கு ஓடினேன். 'வேற ஏதாவது மருந்து போயிருக்கா?' என்று கேட்டார் டாக்டர். 'ஒரு வலி ஊசி' என்றேன். பெயர் தெரியாது, சீட்டு வீட்டில். அவர் ஸ்டீராய்டு போட்டார். வியாழக்கிழமை வெல்லம் தார் மாதிரிக் கறுப்பாக வெளிக்குப் போனாள், காப்பிப் பொடி கரைத்த மாதிரி வாந்தி எடுத்தாள். வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. மெலாக்ஸிகாம், கார்ப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் ஒரு வகை, பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டுகள் வேறு வகை. இரண்டும் ஒரே நேரத்தில் உடம்பில் இருக்கக் கூடாது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற வேண்டுமானால் நடுவே சில நாள் இடைவெளி விடுவார்கள். எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மூன்று நாள் டிரிப்ஸுக்கு 6,500 ரூபாய் ஆனது. சீட்டை அன்றைக்கே போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தால் மிச்சமாகியிருக்கும் பணம் அது. நமக்குப் போடும் வலி மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல மனதோடு ஒரு புரூஃபென் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார்.

நடுவில் ஒரு நாளை விட்டுவிட்டேன். புதன்கிழமை காலை எட்டு மணிக்கே வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். ஆடு, கிளி, காலில் கட்டுப் போட்ட தெருநாய் என்று எல்லாம் காத்திருந்தன. நான் வெல்லத்தை மடியில் குழந்தை மாதிரி மல்லாக்கப் போட்டு வைத்திருந்தேன். பக்கத்தில் பீகிளோடு உட்கார்ந்திருந்த ஓர் அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்படித் தூக்காதம்மா, முதுகு வளையுது" என்றார். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்புறத்துக்கு அடியில், முதுகு மேஜை மாதிரி நேராக இருக்க வேண்டும். வண்டியில் வரும்போது மடியில் வேண்டாம், அடியில் பலகை வைத்த துணிக்கூடையில் படுக்க வை என்றார். அவருடைய முதல் நாய் இதே வியாதியில் போய்விட்டதாம். பின்னங்காலில் ஆரம்பித்து, அறுத்துவிட்ட மாதிரி உணர்வே இல்லாமல் போய், மூன்று நாளில் முன்னங்காலுக்கு ஏறி, மூச்சும் நின்றுவிட்டது. தண்டுவடமே கரைந்துகொண்டு மேலே ஏறும் நிலை அது. உணர்வு முழுக்கப் போன நாய்களில் பத்தில் ஒன்றுக்கு அப்படி ஆகிறது, அதற்கு வைத்தியம் இல்லை. அவர் சும்மா பயமுறுத்தவில்லை. முன்னங்கால் தளர்ந்தாலோ ஜுரம் வந்தாலோ உடனே கொண்டு வா என்று சொல்வதற்காகச் சொன்னார். போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார்.

உள்ளே டாக்டரம்மா பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினார். கால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. "உணர்வு இருக்கு!" என்று நான் கத்திவிட்டேன். "கால் இழுக்குறது கணக்கில்லம்மா, அது தானா நடக்கும். முகத்தைப் பாருங்க" என்று மறுபடி இன்னும் பலமாக அழுத்தினார். வெல்லம் திரும்பி அவர் கையைக் கடிக்கப் போனாள். "இது. இதுதான் உணர்வு" என்று சிரித்தார். வாழ்க்கையிலேயே என் நாய் ஒருவரைக் கடிக்கப் போனதற்காக நான் அழுதது அப்போதுதான். இந்த வலி உணர்வுதான் எல்லாவற்றுக்கும் அளவுகோல். அது இருக்கும்போதே ஆபரேஷன் செய்தால் பத்தில் ஒன்பது நாய்கள் மறுபடி நடக்கின்றன. அது போன பிறகு செய்தால் பாதிக்குப் பாதிதான். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் 'ஆழ்ந்த வலி உணர்வு இருக்கா, எத்தனையாவது நிலை?' என்று கேளுங்கள். வெறும் வலி முதல் நிலை, தள்ளாட்டம் இரண்டாவது, நடக்க முடியாமல் கால் மட்டும் அசைவது மூன்றாவது, அசைவும் போவது நான்காவது, உணர்வும் போவது ஐந்தாவது. ஐந்தாவது என்றால் 'நாளைக்குப் பார்ப்போம்' என்பதே கிடையாது. வெல்லம் அன்றைக்கு மூன்றாவதில் இருந்தாள்.

இது ஏன் வந்தது என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை கூரியர்காரர் மணி அடித்தபோது கட்டிலிலிருந்து குதித்தாளே, அதுவா என்று. நான் சீக்கிரம் போய்க் கதவைத் திறந்திருந்தால் என்று ஏற்கெனவே மூன்று ராத்திரி என்னையே தின்றுகொண்டிருந்தேன். குதித்தது கடைசித் துரும்பு மட்டும்தான் என்றார். கால் குட்டையாக இருக்கக் காரணமான கோளாறுதான் டிஸ்க்கையும் கெடுக்கிறது. குட்டியாக இருக்கும்போதே நடுவில் இருக்கும் கொழகொழப்பு காய்ந்து சுண்ணாம்பாக ஆரம்பித்துவிடும். 1952-லேயே ஹான்சன் என்ற சுவீடன் நாட்டுக்காரர் நாய்களின் டிஸ்க் கெடுவதை இரண்டு வகையாகப் பிரித்து எழுதிவிட்டார் என்றும், நாயின் 12-வது குரோமோசோமில் இதற்கான மரபணு 2017-இல்தான் பிடிபட்டது என்றும் பின்னால் படித்தேன். டாஷண்டுகளில் ஐந்துக்கு ஒன்றாவது வாழ்நாளில் ஒரு தடவை இதில் விழுகிறது. வாங்கும்போது 'பாம்பு மாதிரி நீளம், சூப்பர் லைன்' என்று சொல்லி எங்களிடம் 12,000 ரூபாய் வாங்கியவர் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அழகாக இருந்தது, வாங்கினேன்.

ஸ்கேனும் ஆபரேஷனும் சேர்த்து வெளியே ஒரு லட்சம் தாண்டும் என்று தெரிந்தது. கால் இன்னும் அசைகிறது, உணர்வும் இருக்கிறது, கூண்டு ஓய்வில் வைத்தும் பார்க்கலாம், ஆனால் மோசமானால் தாமதிக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. நான் கூண்டைத் தேர்ந்தெடுத்தேன். பணமில்லாததால் என்று நேர்மையாகவே சொல்லிவிடுகிறேன். குறைந்தது நான்கு வாரம் என்று சொன்னார். 2022-இல் அமெரிக்கக் கால்நடை நரம்பியல் நிபுணர்கள் கூடி எழுதிய பரிந்துரையிலும் அதே நான்கு வாரம்தான், அனுபவப்பட்ட அக்கா எட்டு வாரம் என்றார். என் காதில் என்னவோ 'ரெண்டு வாரம் பார்ப்போம்' என்றுதான் விழுந்தது. நமக்கு வேண்டியதுதான் நமக்குக் கேட்கும்.

கூண்டு என்றால் அவள் எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க மட்டும் இடம். நடக்க இடம் இருந்தால் அது கூண்டே இல்லை. ஒரு ரூமில் போட்டுக் கதவைச் சாத்துவது ஓய்வு ஆகாது, மடியில் வைத்துக்கொள்வதும் ஆகாது. முதல் இரண்டு நாளைக்குப் பழைய டைனிங் டேபிளைக் கவிழ்த்து, நான்கு காலையும் சுற்றிக் கொசுவலைக் கம்பியைக் கட்டினேன். பிறகு கொளத்தூரில் மீன் கடைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு கடையில் மடக்குக் கூண்டு வாங்கினேன். வெளிக்குப் போவதற்கு மட்டும் தூக்கிக்கொண்டு போய், வயிற்றுக்கு அடியில் பழைய துப்பட்டாவைக் கொடுத்துப் பிடித்து, முடிந்ததும் திரும்ப உள்ளே. ராத்திரி முழுக்க ஊளையிட்டாள். கீழ் வீட்டுக்காரர்கள் மூன்று நாள் பொறுத்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரு வைத்தியம் இருந்தது. ஒருவர் விளக்கெண்ணெயைச் சூடாக்கி முதுகை உருவச் சொன்னார். இன்னொருவர் புத்தூர் கட்டு போடலாமே என்றார். அது உடைந்த எலும்புக்குப் போடுவது, இங்கே எலும்பு உடையவே இல்லை. அழுத்தி உருவினால் பிதுங்கியது இன்னும் பிதுங்கும். மூன்றாமவர், 'எதுக்கு அதை வதைக்கிறீங்க, ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க' என்றார். அன்றைக்கு ராத்திரி அதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

எட்டாம் நாள் எழுந்து நின்றாள். பத்தாம் நாள் கூண்டுக்குள் ஒழுங்காகத் திரும்பினாள். வாலாட்டினாள். பதினோராம் நாள் அம்மா, "பாவம்டி, ஜெயில்ல போட்ட மாதிரி. அஞ்சு நிமிஷம் ஹால்ல விடேன்" என்றார். பழியை அம்மா மேல் போட மாட்டேன், கொக்கியைத் திறந்தது நான்தான். மாத்திரை வலியை மறைத்திருந்தது, அவ்வளவுதான். உள்ளே கிழிந்த இடம் ஆறவே இல்லை. வழவழ டைல்ஸில் நாலு அடி சந்தோஷமாக ஓடினாள், வாசலில் பூக்காரம்மா குரல் கேட்டதும் சட்டென்று திரும்பினாள், அங்கேயே விழுந்தாள். இந்தத் தடவை கால் அசையவே இல்லை. நான் ஒரு காலை எடுத்துவிட்டேன், துணிப் பொம்மையின் கால் மாதிரி விழுந்தது.

மதியமே அம்மா நான்கு வளையலைக் கழற்றிக் கொடுத்தார். பேங்கில் 1,20,000 கொடுத்தார்கள். ஸ்கேனுக்கு 16,000. விலா எலும்புகள் முடிந்து இடுப்பு ஆரம்பிக்கும் இடத்தில் டிஸ்க் வெடித்திருந்தது, இந்த நோய்க்குப் பழக்கப்பட்ட இடமாம். உணர்வு மங்கலாக மிச்சமிருந்தது. மறுநாள் காலை முதுகெலும்பின் பக்கவாட்டில் ஜன்னல் மாதிரி வெட்டி, தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்ததைச் சுரண்டி எடுத்தார்கள். ஐந்து நாள் வார்டையும் சேர்த்து 92,000. ஆபரேஷன் முடிந்தாலும் கூண்டு உண்டு என்று சொல்லி அனுப்பினார்கள். இந்தத் தடவை காதில் சரியாக விழுந்தது.

இனி சொல்லப்போவது யாரும் என்னிடம் சொல்லாதது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டுக்கு வந்த அன்று சாயந்திரம் படுக்கை நனைந்திருந்தது. 'தானாப் போறா, நல்ல சகுனம்' என்று அம்மா சாமிக்குக் கற்பூரம் ஏற்றினார். தூக்கும்போதும் கொஞ்சம் சொட்டியது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஒரு நாற்றம், வயிறு உப்பியிருந்தது. பயந்து அக்காவுக்குப் போன் செய்தேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்காமலே, "அது போறதில்லம்மா, வழியுது" என்றார். நிரம்பிய தொட்டி வழிகிற மாதிரி. தண்டுவடம் அடிபட்டால் சிறுநீர்ப்பைக்கும் சொல் போகாது. பை நிரம்பி, தாங்காமல் ஓரமாகக் கசியும். அப்படியே விட்டால் பை நைந்து சுருங்கும் சக்தியை இழந்துவிடும், கிருமி பிடிக்கும், சிறுநீரகம் வரை போகும்.

அரை மணி நேரத்தில் வீடியோ காலில் வந்து சொல்லிக் கொடுத்தார். நாயை நிற்க வைத்தோ பக்கவாட்டில் படுக்க வைத்தோ, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால், வயிற்றின் இரண்டு பக்கமும் விரல்களைத் தட்டையாக வைக்க வேண்டும். உள்ளே தண்ணீர் நிரம்பிய பலூன் மாதிரி ஒன்று தட்டுப்படும். நுனி விரலால் குத்தாமல் உள்ளங்கை பதிய, மெதுவாக, ஒரே சீராக, வால் பக்கம் பார்த்து அழுத்த வேண்டும். வரும் வரைக்கும் அழுத்தத்தை விடக் கூடாது, வரவில்லை என்று பலத்தைக் கூட்டவும் கூடாது. அவர் சொல்லச் சொல்ல நான் செய்தும் அன்றைக்கு நாலு சொட்டுக்கு மேல் வரவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே டியூப் போட்டு எடுத்தார்கள், சிறுநீர்ப்பையின் வாய் இறுகியிருந்ததற்கு மாத்திரை எழுதினார்கள், என் கை மேல் தன் கையை வைத்து டாக்டர் அழுத்திக் காட்டினார். அந்த ஒரு நிமிஷத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடும் முன்னால் 'என் கையால ஒரு தடவை செஞ்சு காட்டுங்க' என்று கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து. சுவரில் பள்ளி காலண்டரைத் தொங்கவிட்டு நேரம், எவ்வளவு வந்தது, நிறம், நாற்றம் எல்லாம் எழுதினேன். கலங்கியோ, கெட்ட நாற்றமாகவோ, ரத்தமாகவோ இருந்தால் காத்திருக்கக் கூடாது. பத்தொன்பது நாள் சம்பளமில்லா லீவு. மீதி நாளில் மதிய முறையை அம்மா எடுத்துக்கொண்டார். முழங்கால் வலிக்காரர், தரையில் உட்கார்ந்தால் எழ நான் வேண்டும், ஆனாலும் என்னைவிடச் சுத்தமாக எடுப்பார்.

பதினாறாம் நாள் 'பிஸ்கெட்' என்ற சொல்லுக்கு வால் நுனி அசைந்தது. மூன்றாம் வாரம் வெளியே பிடித்து நிறுத்தியபோது தானாகவே சிறுநீர் போனாள். பிறகு அழுத்திப் பார்த்தேன், பை காலி. அந்த வாரமும் நாலு தடவை அழுத்திச் சரிபார்த்துவிட்டுத்தான் நம்பினேன். ஆறாம் வாரம் நாலு காலில் நடந்தாள். இப்போதும் அவசரத்தில் பின்பகுதி ஒரு பக்கம் சரியும், திருப்பத்தில் லாரி மாதிரி வளைவாள்.

கணக்கு நோட்டில் கூட்டிப் பார்த்தால் 1,44,000 ரூபாய், நகை வட்டி தனி. அதில் கார் வாடகை மட்டும் 9,000. ஆட்டோ குலுக்கலுக்குப் பயந்து கார்தான் பிடித்தேன். முதல் வாரத்திலேயே கூண்டை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் ஆபரேஷன் தேவைப்பட்டிருக்காதோ என்று யோசிக்காத நாள் இல்லை. டாக்டரிடம் கேட்டேன். தேவைப்பட்டும் இருக்கலாம் என்றார். அது ஆறுதலுக்காகச் சொன்னதோ என்னவோ. வீட்டில் மாறியது கொஞ்சம்தான். ஹால் முழுக்க ரப்பர் பாய். கழுத்துப் பட்டைக்குப் பதில் நெஞ்சுப் பட்டை. பதினோரு கிலோவிலிருந்து எட்டரைக்கு இறக்கினோம், அதற்கு அம்மாவின் நெய்ச் சோற்றையும் பட்டர் பிஸ்கெட்டையும் எதிர்த்துப் பெரிய யுத்தமே நடந்தது. ஆசாரி வந்து கட்டில் கால்களை அறுத்துவிட்டுப் போனார். கட்டில் இப்போது மணை உயரம்தான், அதற்கும் ஒரு சாய்பலகை.

போன மாதம் ராத்திரி பதினோரு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன். சேலத்திலிருந்து ஒரு பையன், அக்காதான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். குரல் நடுங்கியது. "மேடம், எங்க பீகிளுக்குச் சாயங்காலத்திலிருந்து பின்னங்கால் வரல. படுத்த இடத்துலேயே நனைச்சுட்டு இருக்கான், யூரின் பிரச்சினை இல்ல" என்றான். நான் எழுந்து லைட்டைப் போட்டேன். "தம்பி, வீடியோ ஆன் பண்ணு. பின்னங்காலுக்கு முன்னாடி, வயித்துல ரெண்டு பக்கமும் கையை வை" என்றேன்.